பார்மிஜானோவின் உறைநீர்

இத்தாலியின் பார்மா, ரெஜியோ எமிலியா வட்டாரங்களில் பார்மிஜானோ ரெஜானோ என்ற சீஸைச் செய்பவர்கள் உறையை விலைக்கு வாங்குவதில்லை. நேற்றுச் சீஸ் எடுத்தபின் கொப்பரையில் மிஞ்சிய நீர்தான் இன்றைய உறை. அதை அவர்கள் ‘சியெரோ இன்னெஸ்தோ’ என்பார்கள்.

மாலையில் கறந்த பாலை இரவு முழுக்க அகன்ற தொட்டிகளில் வைத்து, மேலே திரளும் கொழுப்பை எடுத்துவிடுகிறார்கள். அதோடு காலைப் பாலைச் சேர்த்துச் செப்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். பாலைக் காய்ச்சுவதில்லை. உறைநீரும், கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட்டும் சேர்ந்ததும் சில நிமிடங்களில் பால் திரண்டுவிடும். அதை அரிசி மணி அளவுக்கு உடைத்து, சுமார் 55 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள்.

பாலோடு வந்த நுண்ணுயிர்களில் பல இந்தச் சூட்டில் முடங்கிப்போகின்றன. சீஸை எடுத்ததும் மிஞ்சும் நீரில் ஒரு பகுதியை எடுத்து, மறுநாள்வரை மெல்ல ஆறவிடுகிறார்கள். சூட்டையும் புளிப்பையும் ஒருசேரத் தாங்குபவைதான் அதில் பெருக முடியும். லாக்டோபாசில்லஸ் ஹெல்வெட்டிகஸ் முன்னே நிற்கும். டெல்புருக்கியும் வேறு சிலவும் கூட வரும். விரல்விட்டு எண்ணக்கூடிய இனங்கள்தான். இதிலென்ன பல்வகைமை என்று கேட்கலாம். அது இனத்துக்குள்ளே ஒளிந்திருக்கிறது. ஹெல்வெட்டிகஸ் ஒன்றிலேயே பல ரகங்கள் உண்டு: சில வேகமாகப் புளிக்கவைக்கும், சில புரதத்தை நன்றாக உடைக்கும்.

இந்த ரகங்களின் அருமை ஃபேஜ் வரும்போது தெரியும். பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகி அதைக் கொல்லும் வைரஸ் அது. உறைநீர் தினமும் கொப்பரைக்குத் திரும்புவதால், ஃபேஜும் தினமும் திரும்புகிறது. ஒரே ரகத்தை நம்பியிருந்தால் அது விழும் நாளில் பால் புளிக்காமல் நின்றுவிடும். கலவையில் ஒன்று சாய்ந்தால், அந்த வைரஸுக்கு மசியாத இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் வளர்த்த தூய உறையை வாங்கும் பெரிய ஆலைகளும் ஃபேஜுக்குப் பயந்து ரகங்களை மாற்றி மாற்றித்தான் போடுகின்றன. இந்த விஷயத்தில் பழைய கொப்பரைக்காரர்கள் கெட்டிக்காரர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பாலின் சர்க்கரை ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். அதன்பின் உறை பாக்டீரியாக்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து உடைகின்றன. அவற்றிலிருந்து கசியும் நொதிகள் புரதத்தைத் துண்டுதுண்டாக நறுக்குகின்றன. சுவையின் பெரும்பங்கு இப்படிப் பிறப்பதுதான். அதுவரை பச்சைப்பாலிலிருந்து வந்து பதுங்கியிருந்த ராம்னோசஸ், பாராகேசி போன்ற பாக்டீரியாக்கள் பிறகு மெல்லத் தலையெடுக்கும். சுமார் 40 கிலோ எடையுள்ள வட்டுகள் குறைந்தது 12 மாதம் முதிர்கின்றன. அந்தப் பாக்டீரியாக்களுக்கு வேண்டிய அவகாசம் இருக்கிறது.

கொப்பரையின் சூட்டுக்கு அசையாதவை குளோஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள். சீஸுக்குள் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து, பிறகு வாயுவைக் கிளப்பி வட்டை வெடிக்கவைக்கும். இவை புளிக்கவைத்துப் பதப்படுத்திய சைலேஜ் தீவனத்தின் வழியாகவே அதிகம் பாலுக்கு வருகின்றன. அதனால் பார்மிஜானோ மாடுகளுக்கு சைலேஜ் போட விதி இடம் தருவதில்லை. பக்கத்து உறவான கிரானா படானோவில் சைலேஜ் உண்டு. அங்கே முட்டை வெள்ளைக்கருவிலிருந்து எடுக்கும் லைசோசைமைப் பாலில் கலந்து சமாளிக்கிறார்கள்.