மெஷின் பெட்டியும் காட்டு வழியும்: கதிர்காமம் புறப்படுமுன்

ஆனி பிறந்தால் அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயில் சுற்றாடலில் மெஷின் பெட்டிகள், அதாவது உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டிகள், வந்து நிற்கத் தொடங்கும். வடக்கிலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் நடந்து வருகிற கதிர்காமத்து யாத்திரிகர்கள் இங்கே தங்கி, தீர்த்தக்கேணியில் முழுகி, கால் ஆறிப் போவார்கள். எங்கள் ஊராரும் அவர்களோடு சேர்ந்துகொள்வார்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் படுவான்கரையிலிருந்து குடும்பம் குடும்பமாக வருபவர்களும் இப்படித்தான். பெட்டிக்கு மேலே தறப்பாள், கீழே பன்பாய், ஓரத்தில் அடுப்பு, நடுவில் பிள்ளைக்கு ஏணை. உழவுக்கும் வெள்ளாமைக்கும் ஓடுகிற பெட்டி அந்த நாட்களில் வீடாகிவிடும்.

அவுஸ்திரேலியாவில் இருக்கிற என் மச்சான் காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் முகாம் வண்டியின் படங்களை அனுப்புவார். மடித்து விரிக்கும் கட்டில், குளிர்ப்பெட்டி, சூரிய மின்தகடு எல்லாம் அதில் உண்டு. எங்கள் பெட்டிக்கும் அதற்கும் பொதுவாக இருப்பவை ஓர் அச்சும் இரண்டு சில்லும் ஒரு கொளுவியும்தான். ஆனால் வழியில் மனிதரைக் கைவிடுவதும் இரண்டிலும் அவைதான்.

சில வருடங்களுக்கு முன், கதிர்காமம் போகும் வழியில், கோமாரிக்கு இந்தப் பக்கம் எங்கள் பெட்டியின் இடது சில்லு இறுகி நின்றுவிட்டது. இரவு ஏழரை மணி இருக்கும். அரிசி மூட்டை, தண்ணீர்ப் பரல், பத்துப் பேருடைய உடுப்பு எல்லாம் அதற்குள். சில்லுக் குடத்தில் தண்ணீர் தெளித்தால் சீறிற்று. கழற்றிப் பார்த்தபோது பெயரிங் நீலம் பாய்ந்து உடைந்திருந்தது. புறப்படுவதற்கு மூன்று நாளைக்கு முன்புதான் புதிதாகப் போட்டிருந்தோம். விற்ற கடைக்குத் திரும்பிப் போனால், இது எங்களிடம் வாங்கியதே இல்லை என்றார்கள். எங்களிடம் பற்றுச்சீட்டு இருக்கவில்லை. கேட்டு வாங்காதது எங்கள் பிழை. அந்தச் சின்னக் கடதாசித் துண்டின் பெறுமதி எனக்கு அன்றுதான் விளங்கியது.

இதற்கென்று ஒரு சட்டம் உண்டு: பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். அதன்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். பொருளோ சேவையோ சொன்ன தரத்தில் இல்லையென்றால் வாங்கிய மூன்று மாதத்துக்குள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்யலாம். விசாரித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ நட்டஈடு கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. முதலில் விசாரித்துக்கொள்ள 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். உதிரிப்பாகத்துக்கு மட்டுமல்ல, கராஜில் செய்த வேலைக்கும் இது பொருந்தும். ஆகவே கராஜ்காரரிடம் என்ன வேலை செய்தார், என்ன பொருள் போட்டார் என்று இரண்டு வரி எழுதி வாங்குங்கள். பழைய பெயரிங்கையும் வாங்கி வையுங்கள்.

ஆனால் முறைப்பாடு எழுதுவதைவிடப் பெயரிங்கைக் காப்பாற்றுவது லேசு. எங்கள் ஊர் வாவியும் கடலும் சூழ்ந்த இடம். காற்றிலேயே உப்பு உண்டு. போதாதற்குத் தோணி ஏற்றவும் இறக்கவும் பெட்டியைப் பின்பக்கமாக வாவிக்குள் விடுகிறோம். ஓடி வந்த சூட்டோடு சில்லுக் குடம் உவர்த்தண்ணீருக்குள் இறங்கினால், உள்ளே இருக்கிற காற்று குளிர்ந்து சுருங்கி, எண்ணெய்த் தடுப்பு வளையத்தின் இடுக்கால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். கிறீஸ் பால் போல வெளுத்து, வழுவழுப்பு இல்லாமல் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. நூறு கிலோமீற்றர் தாண்டி, சனமில்லாத ரோட்டில்தான் அது தன் வேலையைக் காட்டும்.

எனவே புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன், வெறும் பெட்டியை ஜக்கில் தூக்குங்கள். சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடத்தால் பெயரிங் தளர்ந்திருக்கிறது. கையால் சுழற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். மணல் அரைபடுகிற சத்தம் கேட்டால் கழற்றியே ஆக வேண்டும். கிறீஸ் வெளுத்திருந்தால் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவி, காயவிட்டு, புதிது அடைத்து, தடுப்பு வளையத்தையும் மாற்றுங்கள். பழைய கிறீஸுக்கு மேலே புதியதைத் திணிப்பதால் பயனில்லை. வழியில் நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் குடத்தில் உள்ளங்கையை வையுங்கள். பத்து எண்ணும்வரை கை தாங்கினால் போகலாம். இரண்டு பக்கச் சூட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். உவர்த்தண்ணீருக்குள் இறக்கிய பெட்டியை அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, வில்லுத் தகடுகளுக்கும் கொளுவிக்கும் பழைய எண்ணெய் பூசி வைப்பது அமிர்தகழிக்காரருக்குப் பழக்கமாகவே வர வேண்டும்.

டயரில் பூ நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்திப்படாதீர்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. வருடத்தில் பாதி நாள் வெயிலில் சும்மா நிற்கிற பெட்டியின் டயர் தேய்ந்து சாவதில்லை, வெடித்துச் சாகும். பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் பாரம் ஏற்ற வேண்டாம்.

பாரத்தை அடுக்குவதிலும் முறை இருக்கிறது. தண்ணீர்ப் பரல்தான் எல்லாவற்றிலும் கனம். இருநூறு லீட்டர் என்றால் இருநூறு கிலோ. அதைப் பின்பலகையோடு வைத்தால் கொளுவி மேலே கிளம்பும், பெட்டி வால் ஆட்டும். இரண்டு சில்லு உழவு இயந்திரமான லான்ட்மாஸ்டரில் இது இன்னும் மோசம். அச்சுக்குச் சற்று முன்னால், நடுவில் வையுங்கள். கொளுவி ஊசிக்குக் கம்பி முறுக்கி விடாமல் சரியான கிளிப் போடுங்கள். ஊசி கழன்றாலும் பெட்டி விலகாதபடி ஒரு சங்கிலியும் கட்டுங்கள்.

இனி ஆட்கள் விஷயம். பெட்டி சரக்குக்கென்று பதியப்பட்டது. பிரதான வீதியில் பிள்ளைகளையும் வயசாளிகளையும் அதில் ஏற்றிப் போவதைப் பொலிஸ் மறிப்பது எங்களை வதைக்க அல்ல. மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். ஆனால் சரக்குப் பெட்டியில் இருந்தவருக்கு அந்தப் பத்திரம் கைகொடுக்குமா என்பது அதில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. புறப்படுமுன் எடுத்து வாசியுங்கள், விளங்காவிட்டால் முகவரைக் கேளுங்கள். நடக்க முடியாதவர்களை பஸ்ஸில் பொத்துவிலுக்கு அனுப்பிவிட்டு, பெட்டியைச் சாமானுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே நாங்கள் இப்போது செய்வது. இரவில் பெட்டியின் பின்பக்கம் கறுப்பு இருட்டு; வேகமாக வருகிற வாகனத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் தெரியும். இரண்டு சிவப்பு விளக்கு, அகலத்துக்கு ஒளித்தெறிப்புப் பட்டி. இவ்வளவுதான் செலவு.

விபத்து நடந்துவிட்டால் முதலில் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அரச வைத்தியசாலையில் சிகிச்சையும் இலவசம். காட்டுக்கு முந்திய ஆதார வைத்தியசாலை பொத்துவில்தான், இதை எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். பிறகு பொலிஸில் முறைப்பாடு பதிந்து அதன் இலக்கத்தை வாங்குங்கள். காயத்துக்கோ நட்டத்துக்கோ ஈடு கேட்டு வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம். கோயில் அலுவல் முடியட்டும், வெள்ளாமை வெட்டி முடியட்டும் என்று தள்ளிப்போட்டு அந்த உரிமையை இழந்தவர்கள் உண்டு. சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்காக 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சின்னப் பணப் பிணக்கென்றால் மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணியே தேவையில்லை.

மொழி பற்றியும் சொல்ல வேண்டும். கதிர்காமம் மொனராகலை மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே களவு போனாலோ அடிபட்டாலோ, எங்கள் சனம் வாக்குமூலம் என்று சிங்களத்தில் எழுதியதைப் பார்த்து, ஒன்றும் விளங்காமல் கையெழுத்து வைத்துவிட்டு வருகிறது. வைக்காதீர்கள். சிங்களம் நிர்வாக மொழியாக இருக்கிற பிரதேசத்திலும், அரச அலுவலரோடு தமிழில் பேசவும் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம், 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. “தமிழில் எழுதுங்கள், அல்லது தமிழில் வாசித்துக் காட்டுங்கள்” என்று மரியாதையாக, உறுதியாகக் கேளுங்கள். மறுத்தால் இடம், நாள், நேரம் குறித்து அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

தங்குமிடத்தில் எனக்குப் பெரிய பயம் காஸ் அடுப்பு. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் காஸ் அடுப்புகளும் குழாய்களும் வெடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். காஸ் கலவையின் அளவு பற்றியும், கசிவை மூக்குக்கு அறிவிக்கச் சேர்க்கிற எதில் மெர்காப்டன் போதாமை பற்றியும் அப்போதுதான் ஊரெல்லாம் பேசியது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறக்கலாம். பெட்டியில் கதை வேறு. சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது, கீழே இறங்கும். நான்கு பக்கமும் பலகை அடைத்த பெட்டி அதற்கு ஒரு தொட்டி. கசிந்த காஸ் தண்ணீர் போல அடித்தட்டில் தேங்கி, பன்பாய்க்குக் கீழே கிடக்கும். மேலே இருப்பவருக்கு மணமும் வராது. ஆகவே சிலிண்டரைப் பெட்டிக்குள் வைத்துச் சமைக்க வேண்டாம். இறக்கி, தரையில் நிமிர்த்தி வைத்து, பெட்டிக்குக் காற்று அடிக்காத பக்கத்தில் மூட்டுங்கள். குழாயும் ரெகுலேட்டரும் எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ளவையா என்று பாருங்கள். பூட்டும் இடத்தில் சவர்க்கார நுரை தடவினால் கசிவு குமிழாகத் தெரியும். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்கிற வேலையை யாரும் செய்யக் கூடாது. வாங்கும்போது சிலிண்டரின் மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கவும், நிறுத்துக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம்.

தறப்பாளுக்குக் கீழே ஜெனரேட்டர் ஓடவிட்டுத் தூங்குவதும், நுளம்புக்கென்று கரிச்சட்டியை உள்ளே வைப்பதும் உயிருக்கு உலை. காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்கியவர் எழும்பாமலே போய்விடுவார். நுளம்புக்கு வலைதான்.

சுகமாகத் தூங்குவதற்கு இரண்டொன்று. ஆனி ஆடியில் எங்கள் பக்கம் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசும். தறப்பாளை அந்தப் பக்கம் தாழக் கட்டி, கிழக்கை உயர்த்தி விடுங்கள். ஒரே தறப்பாளுக்குப் பதில் ஒரு முழ இடைவெளி விட்டு மேலே இன்னொன்று கட்டினால் பகல் வெக்கை பாதியாகக் குறைந்ததுபோல இருக்கும். காய்ந்த கொப்புள்ள மரத்தின் கீழ் வாடி அடிக்க வேண்டாம். தண்ணீர்க் கரை அழகாக இருக்கும்; ஆனால் இரவில் யானையும் கரடியும் வருவது அங்கேதான். கும்புக்கன் ஆற்றில் முதலை உண்டு. காவலர் காட்டும் இடத்தில் மட்டும் முழுகுங்கள். குடிதண்ணீருக்கு, இரசாயனம் வந்த நீலப் பரலைக் கழுவிப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை தரம் கழுவினாலும் அது உணவுக்கானது அல்ல. வயிற்றோட்டம் தொடங்கினால் ஒரு பக்கற் ஜீவனி, ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீர்.

எங்கள் பெட்டி காட்டுக்கு வாசலான உகந்தையோடு நின்றுவிடும். அங்கிருந்து கூமுனை, யால காட்டு வழி, எல்லாம் தோளில். அந்தப் பாதை திறப்பதும் அடைப்பதும் அறிவிக்கப்பட்ட நாட்களுக்குள் மட்டும்தான். மற்ற நாளில் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் போவதும் தங்குவதும் குற்றம். பொலித்தீனையும் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்திக்கையும் உகந்தையிலேயே விட்டுவிடுங்கள். துணிப் பையும் வாழைச்சருகும் கொண்டு எங்கள் பாட்டிமார் போன வழி அது. அடுப்பு மூட்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கையால் தொட்டுப் பார்த்த பிறகு நகருங்கள். கச்சானில் ஒரு தணல் போதும்.

எங்கள் பெட்டியின் உட்பலகையில் வெள்ளைப் பெயின்டால் இப்படி எழுதி வைத்திருக்கிறோம்: அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, அனர்த்தம் 117, வனசீவராசிகள் 1992, பெண்களுக்கு 1938, சிறுவருக்கு 1929. காட்டுக்குள் அலை கிடைக்காத இடங்கள் பல. அதனால் உகந்தையில் நிற்கிறவரிடம் எத்தனை பேர் போகிறோம், எந்த நாள் கதிர்காமத்தில் சேர்வோம் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நடக்கிறோம். பிள்ளைகளின் கையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதிய துணிப் பட்டி.

போன முறை கோமாரியில் பெட்டியை நிறுத்தியபோது யாரும் சொல்லாமலே என் பெரியப்பா இறங்கி, இடது சில்லுக் குடத்தில் கையை வைத்து எண்ணத் தொடங்கினார். பத்து தாண்டி, பன்னிரண்டு, பதின்மூன்று. கையை எடுத்து வேட்டியில் துடைத்துவிட்டு, வலது பக்கம் போனார்.