ஞாயிற்று வளிச்சூடாக்கியும் ஊவா மலைநாடும்

ஆடித் திங்கள் பிறந்ததும் ஊவா மலைகளில் வீசும் காற்று தன் இயல்பு மாறுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, நடுமலைத் தொடரைக் கடந்து அப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பக்கங்களில் இறங்குகின்றது. இறங்கும் காற்று அமுக்கமுற்று வெப்பமடைகின்றது, வெப்பமடைவதால் வறள்கின்றது. கிழக்கிலங்கை மக்கள் கச்சான் என வழங்குவது இக்காற்றையே. யூலை முதல் செத்தெம்பர் வரை நிலவும் இவ்வறட்சியிற் பறிக்கப்படும் கொழுந்திலிருந்தே தனி மணத்தாற் பெயர்பெற்ற ஊவாத் தேயிலை பிறக்கின்றது. சூடான காற்று ஈரத்தை மிகுதியாக ஏற்கும் என்னும் பௌதிக உண்மைக்கு இதனினும் பெரிய செய்முறை விளக்கம் வேண்டுவதில்லை.

கொழுந்து தொழிற்சாலையை அடைந்த பின்னரும் இவ்வுண்மையே தொழிற்படுகின்றது. பறித்த கொழுந்தின் நிறையில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்டது நீர். ஏறத்தாழ 4.5 கிலோகிராம் கொழுந்திலிருந்து 1 கிலோகிராம் தேயிலையே கிடைக்கின்றது. எஞ்சிய மூன்றரைக் கிலோகிராமும் நீராவியாகிக் காற்றோடு கலந்துவிடுகின்றது. கொழுந்தை வாட்டுவதும் காற்று. பதப்படுத்திய இலையை உலர்த்துவதும் காற்று. அக்காற்றைச் சூடாக்கவே தொழிற்சாலை அடுப்புகளில் விறகு எரிகின்றது.

ஆனால் அக்கொழுந்தைப் பறித்தவர் மாலையில் மீளும் லயக் காம்பராவில் இந்த அறிவு இன்னும் நுழையவில்லை. ஆங்கிலேயர் காலத்து அமைப்பைத் தழுவிய லயங்களில், 10 அடிக்கு 12 அடி என்னும் அளவினதான ஒற்றைக் காம்பராவே பல குடும்பங்களுக்கு இன்றும் இல்லமாகும். ஒற்றோபர் தொடங்கித் தை வரை ஊவாவில் மழையும் மூடுபனியும் மிகும். அக்காலத்தில் நனைந்த கம்பளியும் இடுப்பிற் கட்டிய படங்கும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் அடுப்பங்கரையிலேயே காய வேண்டியிருக்கின்றன. துணியை விட்ட நீர் வீட்டை விட்டுப் போவதில்லை. குளிர்ந்த சுவரிற் படிந்து பூஞ்சணமாகின்றது. குளிருக்கு அஞ்சிச் சன்னலை அடைத்தால் விறகுப் புகை உள்ளே தேங்குகின்றது. தணலை உள்ளே வைத்து உறங்கின், நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு உயிருக்கே கேடு விளைவிக்கும். ஈரத்தையும் புகையையும் சுவாசித்து வளரும் குழந்தையின் நெஞ்சு இருமலுக்கு எளிதில் இடங்கொடுக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இந்நிலையில், எரிபொருளும் புகையுமின்றி, வெளியிலிருந்து தூய காற்றை எடுத்து, வெயிலாற் சூடாக்கி, உலர்ந்த காற்றாக வீட்டுள் அனுப்பும் கருவி ஒன்று உளதாயின் அது கருதத்தக்கதன்றோ? அதுவே ஞாயிற்று வளிச்சூடாக்கி. பழைய சன்னற் கண்ணாடி, கழித்த கூரைத் தகரம், உடைந்த கதவின் பலகை ஆகியனவே அதனை அமைக்கப் போதுமானவை.

இதன் தத்துவம் எளிது. கரிய தகடு வெயிலை உறிஞ்சிச் சூடேறுகின்றது. அதன்மேல் மூடிய கண்ணாடி ஞாயிற்றொளியின் பெரும்பகுதியை உள்ளே விடும். சூடேறிய தகடு வீசும் செந்நிறக்கீழ்க் கதிர்களை வெளியே விடாது. இவ்வாறு சிறைப்பட்ட வெப்பத்தைத் தகட்டை உராய்ந்து செல்லும் காற்று ஏற்றுக்கொள்கின்றது. சூடான காற்று நிறை குறைந்து மேலெழ, அதன் இடத்தைக் கீழிருந்து குளிர்ந்த காற்று நிரப்புகின்றது. இவ்வியக்கத்தையே பௌதிகவியலார் மேற்காவுகை என்பர்.

இக்கருவிக்கு நெடிய வரலாறு உண்டு. செனீவா நகரத்து அறிஞர் ஓராசு பெனடிற்று த சொசூர் 1767 ஆம் ஆண்டில் கண்ணாடிப் பெட்டிகளை அமைத்து வெயிலின் வெப்பத்தை ஆராயத் தொடங்கினார்; பின்னர் நீரின் கொதிநிலையையும் கடந்த வெப்பநிலையை அவற்றினுள் அளந்தார். அமெரிக்க நாட்டின் மாசச்சூசெற்சு மாநிலத்துச் சேலம் நகரில் வாழ்ந்த எட்வேட்டு மோர்சு என்பார், வெயில் படும் சுவரிற் கண்ணாடிக்குப் பின்னே கரிய தகட்டை அமைத்து அறையைச் சூடாக்கும் முறைக்கு 1881 இல் ஆக்கவுரிமை பெற்றார். பிரான்சின் பிரனீசு மலையிலுள்ள ஓதெய்யோவில் 1967 இல் பெலிக்சு திரோம்பு, சாக்கு மிசெல் ஆகிய இருவரும் இம்முறையில் வீடு அமைத்தனர். திரோம்புச் சுவர் எனப்படும் அவ்வமைப்பு, பின்னர் இமயத்து இலடாக்கு வரை பரவிற்று. தமிழகத்து நீலகிரியிலே தேயிலைத் தொழிற்சாலைக் கூரைகளில் வளிச்சூடாக்கிகளைப் பொருத்தி, உலர்த்துதற்கு வேண்டிய காற்றை முற்சூடேற்றி விறகைக் குறைத்த முயற்சி 1990 களில் நிகழ்ந்தது. கொழுந்தை உலர்த்த உதவிய அதே கருவி, கொழுந்து பறிப்பவரின் காம்பராவை உலர்த்தவும் உதவும் என்பதில் ஐயமில்லை.

எனினும் பிறநாட்டு வடிவத்தை அப்படியே படியெடுத்தல் பயன்தராது. இலடாக்கின் லே நகரம் வட அகலக்கோடு 34 பாகையில் உள்ளது. அங்கே மார்கழி நண்பகலிலும் ஞாயிறு அடிவானிலிருந்து 32 பாகை அளவே உயரும். ஆதலின் தெற்கு நோக்கிய நிலைக்குத்துச் சுவரில் வெயில் நன்கு விழும். பதுளையோ வட அகலக்கோடு 7 பாகையில் உள்ளது. மார்கழி நண்பகலில் இங்கே ஞாயிறு ஏறத்தாழ 60 பாகை உயரத்தில் நிற்கும். கணித்துப் பார்ப்பின், லே நகரில் நிலைக்குத்துச் சுவர் நேர்க்கதிரில் நூற்றுக்கு 84 பங்கைப் பெற, பதுளைச் சுவர் 50 பங்கையே பெறும். ஆனி மாதத்திலோ ஞாயிறு வடபால் நிற்பதால் தென்சுவரில் நண்பகற் கதிர் விழவே விழாது. குளிர்நாட்டு நூலைப் பார்த்துச் சுவரில் பெட்டியை மாட்டுபவர் வெயிலிற் பாதியை இழப்பர். பெட்டியைத் தெற்கு நோக்கி 30 பாகை சாய்த்து வைப்பின், மார்கழி நண்பகற் கதிர் அதன்மீது நேராகவே விழும்.

அவ்வாறு சாய்ந்த பெட்டியை எங்கே வைப்பது? கூரைமேல் என்பது எளிதில் தோன்றும் விடை. ஆனால் சூடான காற்று மேலெழுமேயன்றித் தானே கீழிறங்கி அறைக்குள் வாராது. கூரைப் பெட்டிக்கு விசிறி வேண்டும்; விசிறிக்கு மின் வேண்டும். இவ்விடத்தில் மலைநாட்டின் நில அமைப்பே துணைக்கு வருகின்றது. லயங்கள் பெரும்பாலும் சரிவுகளை வெட்டிச் சமன்செய்த படிகளில் அமைந்தவை. வீட்டுக்குக் கீழேயுள்ள சரிவிற் பெட்டியைக் கிடத்தி, அதன் மேல்முனையைச் சிறு குழாய்வழியால் அறைச் சுவரோடு இணைத்துவிட்டால், வெயில் பட்டதும் காற்றுத் தானே மேலேறி அறையுட் புகும். இரவிலும் இவ்வமைப்பு நன்மை தரும். குளிர்ந்த காற்றுக் கனத்தது. கீழேயுள்ள பெட்டியிலேயே தங்கும். சுவரிலோ கூரையிலோ வைத்த பெட்டியாயின், இரவில் அதிற் குளிர்ந்த காற்று அறைக்குள் இறங்கி, பகலிற் பெற்றதை இரவில் இழக்கச் செய்யும்.

தெற்குச் சரிவு சிறந்தது. மலைநாட்டிற் காலை தெளிந்திருந்து பிற்பகலில் முகில் கவிவது வழக்கமாதலின் கிழக்குச் சரிவும் ஏற்றதே. வடக்குச் சரிவு மட்டும் குளிர்மாதங்களுக்கு உதவாது.

இனி அமைக்கும் முறை. 2 மீற்றர் நீளமும் 1 மீற்றர் அகலமும் 20 சென்ரிமீற்றர் ஆழமும் கொண்ட பலகைப் பெட்டி ஒன்றைச் செய்க. அடியில் 5 சென்ரிமீற்றர் தடிப்பில் உலர்ந்த தும்பையோ உமியையோ பரப்பி, மெல்லிய பலகையால் மூடுக. இது வெப்பக் காவலியாகும். அதற்கு மேல் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் இடைவெளி காற்றின் வழி. அதன்மேல் நெளிதகரத்தை, நெளிவுகள் பெட்டியின் நீளவாட்டிற் செல்லுமாறு பொருத்துக. தகரத்தின் மேற்பக்கம் மினுக்கமற்ற கருநிறம் பெறவேண்டும். பள்ளிக் கரும்பலகைக்குப் பூசும் மையே இதற்குத் தக்கது. தகரத்துக்கு மேலே 3 சென்ரிமீற்றர் விட்டுக் கண்ணாடியைப் பதித்து, விளிம்புகளை மழைநீர் புகாவண்ணம் அடைக்க. காற்று தகரத்தின் கீழாகவே செல்ல வேண்டும். மேலாகச் சென்றால் பெற்ற வெப்பத்தைக் குளிர்ந்த கண்ணாடிக்கு இழந்துவிடும். கீழ்முனைத் திறப்புக்குப் பூச்சிகள் புகாதவாறு கம்பிவலை இடுக. மேல்முனைக் குழாய்வழி 30 சென்ரிமீற்றருக்கு 15 சென்ரிமீற்றரினும் சிறுத்தலாகாது. வழி குறுகினால் காற்றுத் தயங்கும். அறையின் எதிர்ச்சுவரில் தரையை அடுத்து ஒரு சிறு துவாரம் வேண்டும். பழைய ஈரக்காற்றுக்கு வெளியேறும் வழி இல்லையேல் புதுக்காற்றுக்கு உட்புகும் வழியும் இல்லை. மாலையில் குழாய்வழியை ஒரு மூடியால் அடைத்துவிடல் நன்று.

வெளிநாடுகளிற் குடிபான அலுமினியக் குவளைகளை அடியில் துளைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டித் தகரத்துக்குப் பதிலாகப் பயன்படுத்துவோர் பலர். அவற்றின் ஒடுங்கிய கழுத்து காற்றைத் தடுப்பதால் விசிறி இன்றியமையாதது. கழித்த கணினியின் 12 வோற்று விசிறியும் சிறு ஞாயிற்று மின்கலத் தகடும் உள்ள இடத்தில் அம்முறை பொருந்தும்.

கழிபொருள்கள் அனைத்தும் தீங்கற்றவையல்ல. உடைந்த அசுபெசுற்றோசுத் தகட்டை ஒருபோதும் அறுத்தலோ துளைத்தலோ கூடாது. அதன் நுண்ணிழை நுரையீரலுக்கு நஞ்சு. இரிஜிபோம் பெட்டியின் வெப்பத்தில் உருகிவிடும். பொலித்தீன் தாள் செந்நிறக்கீழ்க் கதிர்களை வெளியே விடுவதோடு வெயிலில் விரைவிற் பழுதடையும். புதிதாகப் பூசிய மையின் ஆவி அறைக்குட் செல்லாதவாறு, பெட்டியைச் சில நாள் வெயிலில் வைத்துக் காய்ந்த பின்னரே சுவரோடு இணைத்தல் வேண்டும்.

பயன் எத்துணை? தெளிந்த வெயிலில் 1 சதுர மீற்றரில் 800 உவாற்று விழுவதாகக் கொள்வோம். 2 சதுர மீற்றர்ப் பெட்டி 1,600 உவாற்றைப் பெறும். அதில் நூற்றுக்கு 40 பங்கு காற்றைச் சேருமாயின் 640 உவாற்று. நிமிடத்துக்கு 1.5 கன மீற்றர் காற்றுச் செல்லின் அதன் வெப்பநிலை 20 பாகைக்கு மேல் உயரும். அறையும் அவ்வளவு சூடேறும் என எண்ணுதல் பிழை; கற்சுவர் வெப்பத்தின் பெரும்பகுதியை உண்டுவிடும். உண்மையான ஊதியம் வேறொன்று. 15 பாகை செல்சியசில் ஈரம் நிறைந்து நிற்கும் காற்றை 30 பாகைக்குச் சூடாக்கினால், அதன் சாரீரப்பதன் நூற்றிலிருந்து 40 ஆகத் தாழும். முன்னர் ஒரு துளி நீரையும் ஏற்க இயலாதிருந்த காற்று இப்போது நீரைத் தேடும் காற்றாகின்றது. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவின் உயரம் 8 அடியாயின், அதன் கொள்ளளவு ஏறத்தாழ 27 கன மீற்றர். இருபது நிமிடத்துள் அத்துணைக் காற்றும் மாறிவிடும். ஈரத் துணியைக் குழாய்வழியின் முன்னே தொங்கவிடின், பெற்ற வெப்பத்திற் பாதி பயன்பட்டாலும் மணிக்கு ஏறத்தாழ அரைக் கிலோகிராம் நீர் வெளியேறும். தெளிந்த காலைப் பொழுதொன்றில் ஒரு கம்பளியும் ஒரு படங்கும் அடுப்பின் உதவியின்றியே உலரத் தொடங்கும்.

குறைகளையும் மறைத்தலாகாது. அடைமழை நாளில் இக்கருவி வாளா கிடக்கும். இரவில் வெப்பம் தராது. சமையலடுப்பின் புகையைப் போக்காது. அதற்குப் புகைபோக்கி வேறாக வேண்டும். ஒழுகும் கூரைக்கும் இடிந்த சுவருக்கும் இது மாற்றாகாது. நல்ல வீடு வேண்டும் என்னும் உரிமைக்கும் மாற்றாகாது. மழைக்கு இடையே வரும் வெயிலை வீணாக்காது வீட்டுள் சேர்க்கும் அளவே இதன் பணி. ஆயினும் மழைக்காலத்து வீட்டில் அவ்வொரு காலைப்பொழுதின் அருமை, நனைந்த சீருடையோடு பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு நன்கு தெரியும்.

பதுளை மாவட்டப் பாடசாலைகளில் வெப்பம் பற்றிய பாடம் பெரும்பாலும் கரும்பலகையிலேயே முடிந்துவிடுகின்றது. பெட்டியொன்றை அமைத்து, இரு வெப்பமானிகளுள் ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றி, உட்புகும் காற்றையும் வெளிப்படும் காற்றையும் அளந்து குறித்துவரின், மேற்காவுகை, சாரீரப்பதன், மறைவெப்பம் ஆகிய மூன்றும் ஒரே செய்முறையில் விளங்கும். அளந்து கற்ற மாணவன் வீட்டுச் சரிவிலும் ஒரு பெட்டியைக் கிடத்துவான். ஆடியில் மலை கடந்து வரும் கச்சான் தோட்டத்துத் தேயிலைக்கு மணமூட்டுகின்றது. கழித்த தகரத்தாலும் கண்ணாடியாலும் ஆன இச்சிறு பெட்டி, மார்கழியிலும் ஒரு கச்சானை உண்டாக்கி, அத்தேயிலையைப் பறித்தவரின் காம்பராவுக்கு அனுப்பும்.