கடையில் முதல் கடன்காரர் யார்?



நம்மில் பலர் கடையில் ஒரு பலகை மாட்டியிருக்கிறோம். சிலர் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்று எழுதியிருப்பார்கள். சிலர் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பலகை வாடிக்கையாளரைப் பார்த்து இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நமக்கு அதன் முதுகுதான் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, நம் கடையின் மிகப் பெரிய கடன்காரர் யார் என்பதை நாம் கவனிப்பதில்லை. அவர் பெயர் எந்தப் பற்று நோட்டிலும் இருக்காது. அவரிடம் பாக்கி கேட்க யாரும் போவதில்லை. அவர் வேறு யாருமல்ல. நம் சொந்த வீடுதான்.

காலையில் கடை திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டி, முதல் போணியை எதிர்பார்த்து உட்காருகிறோம். முதலில் வருவது நம் வீட்டுப் பிள்ளை. “அப்பா, அம்மா அரைக்கிலோ துவரம்பருப்பும் கால் லிட்டர் நல்லெண்ணெயும் வாங்கிட்டு வரச் சொன்னாங்க.” கட்டிக் கொடுக்கிறோம். போகும்போது ஜாடியிலிருந்து நாலு கடலைமிட்டாய் அவன் கையில் போகிறது. பால்காரருக்கு ஐம்பது ரூபாய், காய்கறிக்கு நூறு, வண்டிக்குப் பெட்ரோல் என்று கல்லாவில் கை போய்க்கொண்டே இருக்கிறது. இரவு கல்லாவை எண்ணும்போது, இருப்பதுதான் இன்றைய வியாபாரம் என்று முடித்துக்கொள்கிறோம். எடுத்தது எவ்வளவு என்று எங்கும் எழுதவில்லை.

வாடிக்கையாளரிடம் கற்க வேண்டியது

உசிலம்பட்டி வானம் பார்த்த பூமி. 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருகிற வருஷம் ஒரு மாதிரி, வராத வருஷம் வேறு மாதிரி. பூ விளைந்தால் பூக்காசு, இல்லையேல் கூலிக்காசு. பிழைப்புக்குத் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போனவர்கள் அனுப்பும் பணத்தில் அடுப்பெரியும் வீடுகளும் உண்டு. இப்படி நிலையில்லாத வரவை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தும் பெண்கள்தான் தினமும் நம் கடைக்கு வருகிறார்கள்.

ஒரு கூலிக்காரக் குடும்பத்துப் பெண் சாமான் வாங்குவதைக் கவனித்துப் பாருங்கள். கையில் 300 ரூபாய் இருக்கும். வரும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வருவார். பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், டீத்தூள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, “இதுவரைக்கும் எவ்வளவு அண்ணாச்சி?” என்று நடுவில் நிறுத்திக் கேட்பார். 320 ஆகிறது என்றால், எடுத்த சோப்பைத் திரும்ப வைத்துவிடுவார். “சோப்பு சனிக்கிழமை வாங்கிக்கிடுறேன்” என்று போவார். ரேஷனில் 2007 முதல் சிறப்புத் திட்டத்தில் பருப்பும் பாமாயிலும், 2011 ஜூன் முதல் விலையில்லா அரிசியும் வரத் தொடங்கிய பிறகு, எதை அங்கே வாங்குவது, எதை நம்மிடம் வாங்குவது என்பதையும் அவர் திட்டமாக வகுத்துவிட்டார்.

அதற்கு மேலும் சேமிப்பார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில் போடுவது நம் பாட்டிமார் வழக்கம். ஒரு பிடி 50 கிராம் என்றாலும், இரண்டு வேளைக்கு 100 கிராம். மாதம் 3 கிலோ. காசில் சேர்ப்பதற்குச் சிறுவாடு என்று பெயர். கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் மடித்து வைத்த அந்தச் சிறுவாடு எவ்வளவு என்பது 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோதுதான் பல வீட்டு ஆண்களுக்குத் தெரிந்தது.

இந்தச் சிறுவாட்டை ஊர் கூடிச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. அழகர்கோவில் பக்கத்துப் பில்லுசேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை, பள்ளிக்கூடம் போகாத விவசாயக் கூலித் தொழிலாளி. களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழுக்கள் வழியாக, கந்துவட்டியில் சிக்கிய பெண்களைச் சிறுகச் சிறுகச் சேமிக்க வைத்தார். 2001 ஜனவரியில் டெல்லியில் அவருக்கு விருது வழங்கிய பிரதமர் வாஜ்பாய், மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வரவு செலவு வைத்துக் கடனிலிருந்து மீண்டார்கள். நாள் முழுவதும் கணக்கு எழுதும் நாம் நம் வீட்டுக்கு மட்டும் கணக்கு எழுதுவதில்லை.

காரணம் எளிது. அந்தப் பெண்ணுக்கு 300 ரூபாய் என்று ஓர் எல்லை இருக்கிறது. நம் வீட்டுக்கு எல்லை இல்லை. ‘நம்ம கடைதானே’ என்ற ஒரு வார்த்தை எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

ஒரு சிறு கணக்கு

உதாரணமாக ஒரு சிறு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். நாள் வியாபாரம் 6,000 ரூபாய். அரிசி, சீனி, எண்ணெயில் நிற்பது சொற்பம். மசாலா, மிட்டாயில் சற்றுக் கூடுதல். எல்லாம் சேர்த்து நூற்றுக்குப் பத்து நிற்கிறது என்று வைத்தால் நாளைக்கு 600, மாதம் 18,000.

இதில் கடை வாடகை 4,000. கரண்டு 1,200. ஏற்றுக்கூலி, வண்டிச்சத்தம் 800. பை, சாக்கு, சில்லறைச் செலவு 500. ஆக 6,500 போனால் மீதி 11,500.

இப்போது வீட்டுப் பக்கம் வருவோம். கடையிலிருந்து போகும் சாமான் கொள்முதல் விலையில் 5,000. கல்லாவிலிருந்து நாளைக்கு 250 வீதம் 7,500. ஆக 12,500. மாதம் 1,000 ரூபாய் குறைகிறது, வருஷத்துக்கு 12,000.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? சரக்கிலிருந்து வந்தது. ஆனால் அலமாரி நிறைந்துதான் இருக்கிறது. மதுரைக் கீழமாசி வீதி மொத்தக்கடைக்காரர் கடனுக்குப் போட்ட சரக்கு அது. நம் முதல் கரைந்த இடத்தில் அவர் முதல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கடை பார்வைக்கு அப்படியே இருப்பதால், கரைவது கண்ணுக்குத் தெரிவதில்லை. பில் பாக்கி ஏறி, மொத்தக்கடைக்காரர் சரக்கை நிறுத்தும் நாளில்தான் தெரிகிறது.

செய்முறை என்னும் பெருஞ்செலவு

மேலே சொன்ன கணக்கில் மொய்யைச் சேர்க்கவில்லை. நம் பகுதியில் அதைச் சேர்க்காமல் எந்தக் கணக்கும் முடியாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீடு என்று பத்திரிகை வந்துகொண்டே இருக்கும். ஆவணி பிறந்தால் ஒரே நாளில் மூன்று மண்டபத்துக்குப் போக வேண்டியிருக்கும். கடைக்காரர் என்றால் ஊரெல்லாம் வாடிக்கை. பத்திரிகையும் ஊரெல்லாம் இருந்து வரும். வருஷத்துக்கு 25 விசேஷம், சராசரி 500 ரூபாய் என்று குறைத்தே போட்டாலும் 12,500.

முன் சொன்ன 12,000-ஐயும் சேர்த்தால் வருஷத்துக்கு 24,500. மூன்று வருஷத்தில் 73,500. இரண்டு லட்சம் முதல் போட்ட கடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. வியாபாரம் குறையவில்லை, எதிரே புதுக்கடையும் வரவில்லை. ஆனாலும் கடை இளைத்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் தண்டல்காரர் வருகிறார். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 கையில் தருவார். நாளைக்கு 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நாள்தோறும் அசல் குறைந்துகொண்டே போவதால், சராசரியாக நம் கையில் இருப்பது 4,250 ரூபாய்தான். அதற்கு 100 நாளில் 1,500 ரூபாய் வட்டி. வருஷக் கணக்குக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடும். நூற்றுக்குப் பத்து நிற்கும் தொழிலை வைத்துக்கொண்டு இந்த வட்டியை எப்படிக் கட்டுவது?

மொய் வாங்குவதிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. நம் வீட்டு விசேஷத்தில் மொத்தமாகப் பணம் வந்ததும் வருமானம் வந்ததாக நினைத்துவிடுகிறோம். அது வருமானம் அல்ல. வந்த மொய் ஒவ்வொன்றும் தவணை தேதி குறிக்காத கடன். எதிர்வீட்டில் விசேஷம் வரும் நாளே அதன் தவணை நாள். போட்டதற்குக் குறையாமல், பெரும்பாலும் கூட்டித்தான் திருப்ப வேண்டும்.

நான் செய்முறையைக் குறை சொல்லவில்லை. ஒரு குடும்பத்தின் பெருஞ்செலவை ஊரே தாங்கிக்கொள்ளும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் சீரும் செய்முறையும் சக்திக்கு மீறினால் பாரம் வீட்டில் யார் தலையில் விழும் என்பதையும் இந்த ஊர் அறியும். 1986-இல் பெண் சிசுக்கொலை பற்றிய செய்தியால் உசிலம்பட்டியின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. பெண்ணுக்குச் செய்ய வேண்டிய செலவுக்குப் பயந்த பயமும் அதற்கு ஒரு காரணம். செலவுக்குத் திட்டம் இல்லாத வீட்டில் பிள்ளைகளும் பாரமாகத் தெரிவார்கள். வரவு செலவை ஒழுங்கு செய்வது பணத்துக்காக மட்டும் அல்ல.

செய்ய வேண்டியது என்ன?

1. பற்று நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தலைப்பில் ‘வீட்டுப் பற்று’ என்று எழுதுங்கள். வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு சாமானையும், பிள்ளை கைக்குப் போகும் மிட்டாய் உட்பட, கொள்முதல் விலையில் எழுதுங்கள்.

2. உங்களுக்கு நீங்களே சம்பளம் வையுங்கள். மேலே சொன்ன கடைக்கு மீதி 11,500. இதில் சாமான் 4,500, ரொக்கம் 5,000. ஆக 9,500-தான் வீட்டுக்கு. நாளைக்கு 50 ரூபாய் வீதம் 1,500 செய்முறை உண்டியலுக்கு. மீதி 500 கடை முதலுக்கு. இந்த எல்லைக்குள் வீட்டை நடத்தியாக வேண்டும்.

3. ரொக்கத்தை வாரம் ஒருமுறை மொத்தமாக வீட்டுக்காரம்மா கையில் கொடுத்துவிடுங்கள். அதன் பிறகு பாலுக்கும் காய்க்கும் கல்லாவைத் திறக்கக் கூடாது. கொடுத்த பணத்தில் அவர் மிச்சம் பிடித்தால் அது அவருடைய சிறுவாடு. நாம் கேட்கக் கூடாது. இப்படிச் செய்தால் செலவு தானே குறைவதைக் காண்பீர்கள்.

4. செய்முறை உண்டியலைக் கடையில் வைக்காதீர்கள். நாளைக்கு 50 என்றால் வருஷத்துக்கு 18,250. மொய் 12,500 போனாலும் 5,750 நிற்கும். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்துக்கு உதவும். மொய் நோட்டைப் பரணில் போடாமல், யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று வருஷத்துக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

5. வீட்டுக்குப் போகும் சாமான் முதல்தரமாக இருக்க வேண்டியதில்லை. மூட்டை மாற்றும்போது சிந்திய பருப்பு, உறை கிழிந்த பாக்கெட், தேதி முடிய ஒரு மாதமே உள்ள மாவு ஆகியவற்றை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். தேதி முடிந்ததை மட்டும் அனுப்ப வேண்டாம். வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடாதது நம் பிள்ளைக்கும் கூடாது.

வரிக் கணக்குக்கும் இது அவசியம். 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கு எடுத்த சரக்கின் மீது கொள்முதலில் கட்டிய வரியை வரவு எடுத்துக்கொள்ள முடியாது. இணக்க முறையில் வரி கட்டும் சிறு வியாபாரிகளுக்கு அந்த வரவே கிடையாது என்றாலும், விற்காத சரக்கு எங்கே போனது என்று இருப்புக் கணக்குக் காட்ட வீட்டுப் பற்று ஏடு கைகொடுக்கும். வருமான வரிக் கணக்கிலும் வீட்டுச் செலவு கடைச் செலவு ஆகாது. முதலிலிருந்து எடுத்ததாகத்தான் எழுத வேண்டும்.

முதல் வாரம் சிரமமாகத்தான் இருக்கும். “நம்ம வீட்டுக்கு நாமளே கணக்கா?” என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். அவரிடமே நோட்டைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் மாதம் அவரே, “போன மாசம் எண்ணெய் கூடப் போயிருக்கு” என்று சொல்வார். அன்றிலிருந்து கடைக்கு இரண்டு முதலாளிகள்.

நம் பெரியவர்கள் படியில் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று சொல்லித்தான் எண்ணத் தொடங்கினார்கள். அந்த முதல் படி வீட்டுக்கு எழுதாமல் போனால், வாயில் சொன்ன லாபம் கையில் நிற்காது. அடுத்த புதுக்கணக்கு நாளில் மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போட்டதும், முதல் பக்கத்தில் வீட்டுப் பற்று என்று எழுதுவோம். ஊரில் உள்ளவர்களிடம் பாக்கி கேட்கும் நாம், முதலில் நம் வீட்டுப் பாக்கியைத் தீர்ப்போம்.