காரிலுள்ள வழிகாட்டியும் நினைவட்டையும்

இன்றைய விஞ்ஞான உலகிலே பிறந்து வளரும் எமது பிள்ளைகளுக்குக் காரிலே வழிகாட்டும் திரை ஒரு புதுமையன்று. செல்ல வேண்டிய முகவரியைக் கொடுத்தால் போதும். வலப்புறம் திரும்புக, இடப்புறம் திரும்புக என்று ஒரு குரல் எம்மை அழைத்துச் செல்லும். ஆயினும், இக்கருவி வழியை எங்கிருந்து அறிகின்றது என்று வினவினால், ‘செய்மதியிலிருந்து’ என்றே பெரும்பாலானோர் விடை பகர்வர். இவ்விடை பாதியளவே சரியானது. மற்றைய பாதியை அறியாதவிடத்து வீண் அலைச்சலும், சில வேளைகளில் ஆபத்தும் நேரக்கூடும். ஆதலின் அதனை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திலே ஜி.பி.எஸ். செய்மதிகள் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு செய்மதியும் தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகள் மூலம் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருக்கும். அவ்வலைகள் செக்கனுக்கு ஏறத்தாழ 300,000 கிலோமீற்றர் வேகத்தில் வருகின்றன. அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு, செய்மதி எவ்வளவு தூரத்தில் உள்ளது என்பதைக் காரிலுள்ள கருவி கணிக்கின்றது. குறைந்தது நான்கு செய்மதிகளின் அலைகள் கிடைத்தால், கார் நிற்கும் இடத்தின் அகலாங்கும் நெட்டாங்கும் தெளிவாகிவிடும். செய்மதியின் பணி அத்துடன் முடிகின்றது. அவ்விடத்தில் வீதி உண்டா, பாலம் உண்டா, ஒருவழிப் பாதையா என்பதெல்லாம் செய்மதிக்குத் தெரியாது. அவற்றைக் கூறுவது காரினுள்ளே சேமித்து வைக்கப்பட்டுள்ள வரைபடமே. அச்சிட்ட நூலுக்குப் பதிப்பு ஆண்டு இருப்பதுபோல இவ்வரைபடத்துக்கும் ஓர் ஆண்டு உண்டு. அந்த ஆண்டுக்குப் பின்னர் கட்டப்பட்ட வீதி எதுவும் அதில் இராது.

நாம் வாழும் நோர்வே நாட்டிலிருந்தே ஓர் உதாரணம் காட்டலாம். ஸ்தவாங்கர் நகரிலிருந்து தௌ என்னும் ஊருக்குச் செல்வோர் முன்னர் காருடன் படகிலேறிக் கடலைக் கடந்தனர். 2019 டிசம்பர் 30 ஆம் நாள் ரீஃபில்கே சுரங்கப் பாதை திறக்கப்பட்டது. 14 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு, கடல் மட்டத்திலிருந்து 292 மீற்றர் ஆழம் வரை இறங்கும் இச்சுரங்கம், திறக்கப்பட்ட வேளையில் உலகின் மிக நீளமானதும் மிக ஆழமானதுமான கடலடி வீதிச் சுரங்கமாக விளங்கியது. தௌவுக்கான கார்ப் படகுச் சேவையும் நின்றுபோயிற்று. ஆனால் 2018 ஆம் ஆண்டு வரைபடத்தைக் கொண்ட காருக்கு இச்செய்தி எட்டாது. அது இன்றும் படகுத்துறையை நோக்கியே வழிகாட்டும். மாரிகால இருளிலே, புதிய ஊரிலே, நள்ளிரவு வேலைக்குச் செல்லும் ஒருவரை அது எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். 2002 இல் திறக்கப்பட்டு 2006 இல் மீண்டும் மூடப்பட்ட ஏ-9 பாதையைக் கண்ட எமக்கு, பாதைகள் மாறுவன என்பதை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வரைபடத்தைப் புதுப்பிப்பதை ‘இற்றைப்படுத்தல்’ என்பர். ‘இற்றை’ என்றால் இன்றைய என்று பொருள். இன்றைய நிலைக்குக் கொண்டுவருதல் என்பதே இச்சொல்லின் கருத்து. பல கார்களில் இப்பணி ‘எஸ்.டி. கார்ட்’ எனப்படும் நினைவட்டையினால் நிறைவேறுகின்றது.

முதலிலே, திரையின் அமைப்புப் பகுதிக்குச் சென்று வரைபடத்தின் ஆண்டையும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து, காரை உற்பத்தி செய்த நிறுவனத்தின் இணையத்தளத்திலே காரின் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட செசி இலக்கத்தைக் கொடுத்தால், புதிய வரைபடம் உண்டா, அதற்குக் கட்டணம் உண்டா என்பன தெரியவரும். சில பழைய கார்களுக்குப் புதிய வரைபடம் வெளியிடுவதை நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. ஆதலால் பணம் செலுத்துமுன் இதனை உறுதி செய்தல் அவசியம்.

நினைவட்டைகள் இரு வகையாகப் பயன்படுகின்றன. சில கார்களில் வரைபடம் அட்டையிலேயே தங்கியிருக்கும். அட்டையை எடுத்தால் வழிகாட்டி இயங்காது. அத்தகைய அட்டையை ஒருபோதும் அழித்துவிடலாகாது. அதிலுள்ளதை வேறோர் அட்டைக்குப் பிரதி செய்தாலும் பெரும்பாலும் பயன்படாது. வேறு சில கார்களில் அட்டை ஒரு தபாற்காரனைப் போன்றது. கணினியிலிருந்து வரைபடத்தைக் கொண்டுவந்து காரின் நினைவகத்தில் ஒப்படைத்தபின் அதன் வேலை முடிந்துவிடும். உங்கள் கார் எவ்வகையைச் சேர்ந்தது என்பதைக் கைநூலில் காணலாம்.

புதிய அட்டை வாங்குவோர் கொள்ளளவைக் கவனித்தல் வேண்டும். 32 கிகாபைற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் வேறு தரத்தைச் சேர்ந்தவை. பழைய கருவிகள் பல அவற்றை வாசிக்கமாட்டா. அட்டையின் ஓரத்திலுள்ள சிறிய பூட்டு திறந்திருந்தால் மாத்திரமே அதில் எழுத முடியும். கணினியில் பதிவிறக்கம் முழுமையாக முடிந்த பின்னரே அட்டையை முறைப்படி அகற்ற வேண்டும்.

காரிலே அட்டையைச் செருகிய பின்னர் பொறுமை மிக அவசியம். இப்பணிக்கு ஒரு மணித்தியாலமும் எடுக்கலாம். இடையிலே அட்டையை இழுப்பதோ மின்னை நிறுத்துவதோ கருவியைப் பழுதாக்கக்கூடும். இயந்திரம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டுமெனக் கைநூல் கூறினால், காரைத் திறந்த வெளியிலேயே நிறுத்துங்கள். குளிருக்கு அஞ்சிப் பூட்டிய கராஜினுள்ளே இயந்திரத்தை ஓடவிடுதல் உயிராபத்தானது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமோ மணமோ அற்றது. வருவதை எவரும் உணரமாட்டார்.

கைத்தொலைபேசி இருக்க இவை எதற்கு என்று சிலர் கேட்கலாம். தொலைபேசி அலைகள் எட்டாத மலைப்பாதைகளிலும் காரிலுள்ள வரைபடம் துணை நிற்கும். சுரங்கத்தினுள் செய்மதி அலைகள் புகாதபோதும், பல கார்கள் சக்கரங்களின் சுழற்சியைக் கணக்கிட்டுத் தமது இடத்தை அறிந்துகொள்ளும்.

பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒரு வேண்டுகோள். இப்பணியைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு அப்பா ஒதுங்கிவிடுவதும், அப்பாவுக்கு விளங்காது என்று பிள்ளை தனியே செய்து முடிப்பதும் எமது வீடுகளில் வழக்கமாகி வருகின்றன. அவ்வாறன்றி இருவரும் சேர்ந்திருங்கள். திரையில் நோர்வேஜிய மொழியில் வருவதைப் பிள்ளை வாசித்துத் தமிழிலே விளக்கட்டும்; கைநூலில் உள்ள ஒழுங்கை அப்பாவோ அம்மாவோ சரிபார்க்கட்டும். இங்கே சனிக்கிழமைகளில் நாம் கற்பிக்கும் தமிழ் பரீட்சைத் தாளுக்கு மட்டும் உரியதன்று. செய்மதி, அகலாங்கு, நினைவட்டை முதலிய சொற்கள் வாகனத்தினுள்ளும் புழங்கும்போதுதான் அம்மொழி பிள்ளையின் மொழியாகும்.

இறுதியாக ஒன்று. எவ்வளவு புதிய வரைபடமாயினும் நேற்று மூடப்பட்ட வீதியை அது அறியாது. திரை ஒன்றையும் வீதியோரப் பலகை வேறொன்றையும் கூறுமாயின், பலகையையே நம்புங்கள்.