மந்தையின் மரபு – 9: காளை சுமக்கும் பால்

இறைச்சிக்காக வளர்க்கப்படும் மாடுகளில் கன்று ஏறக்குறைய ஏழு மாதத்தில் தாயிடமிருந்து பிரிக்கப்படுகிறது. அன்றைய எடையை அமெரிக்கப் பண்ணையாளர்கள் 205 நாள் எடையாகத் திருத்திக் குறித்துக்கொள்வார்கள். எடை கூடிய கன்று நல்ல கன்று, அதன் தகப்பன் நல்ல காளை என்று இனப்பெருக்கத்துக்குத் தேர்ந்தெடுப்பது நெடுங்காலப் பழக்கம். இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அந்த எடை கன்றுக்கு மட்டும் சொந்தமானதல்ல. கன்றின் மரபணுக்களில் பாதியைத் தருவதோடு தாயின் வேலை முடிந்துவிடுவதில்லை. அவளுடைய கருப்பையும் மடியும்தான் கன்றுக்கு வாய்க்கும் முதல் சூழல். அந்தச் சூழல் எப்படி அமையும் என்பதிலும் தாயின் மரபணுக்களுக்குப் பங்கு இருக்கிறது. தராசு காட்டும் ஒரே எண்ணுக்குள் இரண்டு உயிர்களின் மரபு கலந்து கிடக்கிறது. இரண்டையும் பிரிக்காமல் காளையைத் தேர்ந்தெடுப்பவர், தாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை அறியாமலே தேர்ந்தெடுக்கிறார்.

கருப்பையின் வலிமைக்குப் புகழ்பெற்ற சான்று குதிரைகளிடமிருந்து வந்தது. கேம்பிரிட்ஜில் வால்டனும் ஹம்மண்டும் பேருருவான ஷயர் குதிரையையும் சின்னஞ்சிறு ஷெட்லாந்து மட்டக்குதிரையையும் செயற்கைக் கருவூட்டல் மூலம் இரு திசையிலும் கலந்து, 1938இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இரு வகைக் குட்டிகளுக்கும் மரபுக் கலவை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாந்து தாய்க்குப் பிறந்ததைப் போல மூன்று மடங்கு எடை இருந்தது. மாடுகளில் இதே கேள்வியை நெப்ராஸ்கா மாநிலத்துக் கிளே சென்டரில் உள்ள அரசு ஆய்வு மையம் கருமாற்று முறையில் ஆராய்ந்தது. ஷரோலே என்ற பிரெஞ்சு இனத்தின் கருவைப் பிராமன் பசுவின் வயிற்றில் வளர்த்தபோது, சினையின் கடைசிக் கட்டத்தில் அதன் வளர்ச்சி மட்டுப்பட்டது. ஷரோலே தாயின் வயிற்றில் வளர்ந்த கருவைவிட அது எடை குறைந்திருந்தது. நம் நாட்டு ஓங்கோல், கிர், காங்ரேஜ் மாடுகளின் வழிவந்த இனம்தான் பிராமன். சிறிய கன்றைச் சிரமமின்றி ஈனுவதற்கு அந்தப் பசுக்கள் இன்றும் பெயர் பெற்றவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். நல்ல மேய்ச்சல் கிடைத்த பசுவுக்குப் பால் மிகும், கன்றும் கொழுக்கும். இதில் மரபு எங்கே வந்தது? ஒரே மந்தையை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. காளையின் மகள்களைத் தேடிப் போனால் கிடைக்கும். செயற்கைக் கருவூட்டலால் ஒரு காளைக்கு நூற்றுக்கணக்கான பண்ணைகளில் மகள்கள் இருக்க முடியும். வெவ்வேறு மண், வெவ்வேறு புல், வெவ்வேறு பராமரிப்பு. அவ்வளவு இடங்களிலும் அந்த மகள்கள் வளர்க்கும் கன்றுகள், தங்கள் சொந்த வளர்ச்சி மரபு சொல்வதைவிடத் தொடர்ந்து எடை கூடியிருந்தால், அதை மேய்ச்சலின் கொடை என்று தள்ளிவிட முடியாது. மடியே இல்லாத காளைதான் அந்தத் தாய்மை மரபை மகள்களுக்குக் கடத்தியிருக்கிறது. இந்த இரண்டு பங்குகளையும் உறவு முறைகளைக் கொண்டு பிரித்தறியும் கணித வழியை 1963இல் ரிச்சர்ட் வில்ஹாம் வகுத்துத் தந்தார். இன்று அங்கஸ் என்ற இறைச்சி மாட்டினத்துக் காளைகளின் பட்டியலில் ‘பால்’ என்றொரு மதிப்பு அச்சாகிறதே, அது அந்த வழியில் வந்ததுதான். அது கறந்த பாலின் அளவைச் சொல்வதில்லை; மகள்களின் தாய்மையால் பேரக்கன்றுகளுக்குக் கூடும் எடையைச் சொல்கிறது. பால்குடிக் கால எடை வேறுபாட்டில் தாய்மை மரபின் பங்கு பல கணிப்புகளில் 10 முதல் 20 சதவீதம். சிறியதுதான், ஆனால் தலைமுறைதோறும் சேர்ந்துகொண்டே போகும்.

அடுத்த சிக்கல் இதைவிடக் கடினமானது. பல ஆய்வுகளில் வளர்ச்சி மரபும் தாய்மை மரபும் எதிரெதிர்த் திசையில் போவதாகத் தெரிந்தது. வேகமாக வளரும் கன்றுகளைத் தரும் காளையின் மகள்கள் பாலில் பின்தங்குவார்கள் என்று இதற்குப் பொருள். 1996இல் ராபின்சன் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர் இதைக் கேள்விக்குள்ளாக்கினார். ஒரே காளையின் கன்றுகள் ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், இல்லாத பகை இருப்பதுபோல் தோன்றும் என்று காட்டினார். உடலியலும் ஒரு காரணம் சொல்கிறது: அளவுக்கு மீறிப் பால் குடித்த கிடேரிக்கு மடியில் கொழுப்பு படிந்து, பால் சுரக்கும் திசு குறைந்துபோகலாம். தாயின் தாராளம் மகளின் மடியில் குறையாக வெளிப்படும்போது, அதை மரபணுக்களின் பகை என்று படிப்பது தவறு. ஆகவே அந்த எதிர்மறை உறவின் ஒரு பகுதி கணக்கின் நிழல் என்றே நான் கருதுகிறேன். இதனால் பிரித்துப் பார்க்கும் தேவை குறைந்துவிடாது. பிரிக்கும் முறையில் கவனம்தான் கூட வேண்டும்.

அப்படியானால் பால் மதிப்பு மிக உயர்ந்த காளையே மேலானதா? இல்லை. அதிகம் கறக்கும் உடம்புக்கு ஆண்டு முழுவதும் அதிகத் தீனி வேண்டும். வறண்ட மேய்ச்சலில் அத்தகைய பசு உடல் மெலிந்து, மறுபடி சினை பிடிக்கத் தாமதிக்கும்; ஒரு வருடக் கன்றே தவறிப்போகலாம். கன்றுகள் எல்லாவற்றையும் இறைச்சிக்கே விற்கும் பண்ணைக்கோ காளையின் பால் மதிப்பு தேவையே இல்லை, வளர்ச்சி மதிப்பு போதும். கிடேரிகளை மந்தையில் நிறுத்திக்கொள்பவர்தான் இரண்டு எண்களையும் தம் புல்லின் அளவோடு வைத்துப் பார்த்து, நடுத்தரமான பால் மதிப்புள்ள காளையைத் தயங்காமல் வாங்க வேண்டும்.