சித்தப்பாவின் வள்ளத்துக்கு ஒரு மோட்டார்!

என் சித்தப்பாவுக்கு ஜென்ம விரோதிகள் இரண்டு பேர். ஒன்று, ஆடிக் காத்து. இன்னொன்று, அவருடைய வலது தோள்பட்டை.

தாமிரபரணித் தண்ணீர் கால்வாய் வழியாக வந்து நிரம்பும் குளம் ஒன்றில் மீன்பாசி குத்தகை எடுத்திருக்கிறார் மனுஷன். கட்லா, ரோகு, மிர்கால்... கூடவே கூப்பிடாமல் வந்து குடியேறிய ஜிலேபிக் கெண்டை. அவரிடம் இருப்பது கடற்கரைப் பக்கம் பழசாக வாங்கிய சின்ன ஃபைபர் வள்ளம். இருபது வருஷமாகத் துடுப்புதான். போன தை மாசம் தோள் மக்கர் பண்ணியது. டாக்டர், "இனிமே துடுப்பைத் தொட்டா என்கிட்ட வராதீங்க" என்று சொல்லிவிட்டார்.

"குத்தகையை விட்டுர வேண்டியதுதான்" என்றார் சித்தப்பா. சொன்ன விதம், யாரோ செத்துப்போன சேதி சொல்வதுபோல் இருந்தது.

பாளையங்கோட்டையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஃபைல் தள்ளுகிறவன் நான். ஆபீஸில் பியூஸ் போனால் ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான் என்னைக் கூப்பிடுவார்கள். ஆனாலும் வீரமாகச் சொன்னேன்: "சித்தப்பா, கரண்டு மோட்டார் வச்சிருவோம்."

"தண்ணிக்குள்ள கரண்டா? ஏல, நீ என் குத்தகைக்கு வாரிசா வரப் பார்க்கியோ?"

மிக்ஸி சக்தி!

'டிரோலிங் மோட்டார்' என்றதும் வலை இழுக்கிற பெரிய விசைப்படகை நினைத்துவிடாதீர்கள். அது டிராலர், வேறு சாதி. இது தூண்டிலைப் பின்னால் இழுத்தபடி பைய நகர்வதற்கான குட்டி மோட்டார். ஒரு குழாய், மேலே கைப்பிடி, கீழே தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் மோட்டாரும் விசிறியும். அவ்வளவுதான். 12 வோல்ட் பேட்டரியில் ஓடும். முழு வேகத்தில் போனாலும் உங்கள் வீட்டில் சட்னி அரைக்கும் மிக்ஸியின் சக்திதான்.

ஐடியா ஒன்றும் புதுசு இல்லை. 1838-லேயே ரஷ்யாவின் நேவா ஆற்றில் யாகோபி என்பவர் பேட்டரிப் படகு ஓட்டிக் காட்டிவிட்டார். 1881-ல் பாரிஸில் குஸ்தாவ் ட்ரூவே, கழற்றி மாட்டுகிற மின் மோட்டாரைப் படகில் வைத்து ஸேன் நதியில் உலா வந்தார். 1934-ல் அமெரிக்காவின் ஃபார்கோ ஊரில் ஷ்மிட் என்பவர் மீன்பிடிப்பவர்களுக்கென்றே டிரோலிங் மோட்டார் செய்தார். நம் பக்கத்து வீட்டுக்காரரான கேரளாவில், 2017-ல் 75 பேர் ஏறும் 'ஆதித்யா' சூரிய சக்திப் படகு வேம்பநாட்டுக் காயலில் இறங்கியது. காயலில் 75 பேரை இழுக்கிற கரண்டு, எங்கள் குளத்தில் ஒரு சித்தப்பாவை இழுக்காதா?

கணக்குப் போட்டேன். (இது மட்டும்தான் நமக்கு வரும்.) வள்ளம் 150 கிலோ, ஆள் மூன்று பேர் 200, பேட்டரி 55, வலையும் மீனும் 50. மொத்தம் 455. ஐம்பது கிலோ எடைக்கு ஒரு கிலோ உந்துவிசை என்பது பழகியவர்கள் சொல்லும் கணக்கு. அப்படியானால் ஒன்பது கிலோ போதும். ஆனால் காற்று என்று ஒருத்தன் இருக்கிறானே! இரண்டு மடங்காக்கி, இருபது கிலோ, அதாவது 45 பவுண்டு மோட்டார் வாங்கினேன்.

வள்ளத்தின் பின்பக்கம் மோட்டாரைக் கவ்வ வைக்கத் தோதாக இல்லை. ஆசாரியைக் கூப்பிட்டு, கனத்த பலகை ஒன்றைத் துருப்பிடிக்காத போல்ட், வாஷர் போட்டு முடுக்கினோம். விசிறி தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஓர் அடியாவது இருக்க வேண்டும். மேலே இருந்தால் காற்றைக் குடித்துச் சும்மா சுழலும், நம்ம ஆபீஸ் சிலர் மாதிரி.

வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை நடு வள்ளத்தில் வைத்தேன். அதையும் பின்னாலேயே வைத்தால் மூக்கு ஆகாயத்தைப் பார்க்கும். நடுவிலிருந்து மோட்டாருக்கு நாலு மீட்டர் வயர் தேவை. பரணில் வீட்டு வயரிங் செய்தபோது மிஞ்சிய வயர் கிடந்தது. அதையே இழுத்துவிட்டேன்.

அங்கேதான் சார் சனி பிடித்தது.

ஆடி ஞாயிறு

கரையில் ஊரே கூடிவிட்டது. ஸ்விட்சைத் திருகினேன். வள்ளம் கிளம்பியது... பின்பக்கமாக! சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கரையில் ஒரே சிரிப்பு. "மாப்ள, ரிவர்ஸ்லயே போயிட்டு வந்துருங்க!" என்று ஒரு குரல்.

மாற்றி மாட்டினேன். இப்போது சமர்த்தாகப் போனது. நடுக் குளம் தாண்டியதும் காற்று எதிரே அறைந்தது. முழு வேகம் வைத்தேன். ஐந்து நிமிஷம் போயிருக்கும். கருகிய நாற்றம். காலடியில் புகை. வயரின் பிளாஸ்டிக் தோல் வெண்ணெயாக உருகிக்கொண்டிருந்தது! நான் உறைந்துபோய் நின்றேன். சித்தப்பாதான் தலைத்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரி கவ்வியைப் பிடுங்கி எறிந்தார்.

தீ பிடிக்கவில்லை. ஆனால் காற்று வள்ளத்தைத் தள்ளிக்கொண்டுபோய் அமலைச்செடிக்குள் செருகிவிட்டது. எனக்குத் துடுப்புப் போடத் தெரியாது. வட்டம்தான் அடித்தேன். கடைசியில் எந்தக் கையைக் காப்பாற்றக் கிளம்பினேனோ, அந்தக் கையாலேயே துடுப்பை வாங்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம். கரைக்கு வந்ததும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அன்று ராத்திரி தோளுக்கு ஒத்தடம் கொடுத்த சித்தி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

வாத்தியார் ஜங்ஷனில்!

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, கருகிய வயரோடு ஜங்ஷனில் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போனேன். பார்த்ததும் கேட்டார்: "பியூஸ் எங்கே?"

"போடலை."

"நல்லவேளை, உயிரோட வந்திருக்கீங்க."

அவர் சொன்ன பாடம் இது. மிக்ஸிக்கும் இதற்கும் சக்தி ஒன்றானாலும், 230 வோல்ட்டில் இரண்டு மூன்று ஆம்பியரில் முடிகிற வேலைக்கு 12 வோல்ட்டில் 40 ஆம்பியர் வேண்டும். என் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். போக நாலு, வர நாலு என எட்டு மீட்டர் ஓட்டத்தில் 12 வோல்ட்டில் இரண்டுக்கு மேல் வழியிலேயே காலி. அது எங்கே போகும்? சூடாகத்தான். கிட்டத்தட்ட நூறு வாட்ஸ் பல்பு ஒன்றை வயருக்குள் எரித்திருக்கிறேன்!

16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மாற்றினோம். நஷ்டம் அரை வோல்ட்டுக்கும் கீழே. பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள், டி.சி.க்கு என்றே உள்ள 60 ஆம்பியர் பிரேக்கர். பேட்டரிக்கு மூடி போட்ட பெட்டி, நகராமல் வார்ப்பட்டை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் பீடிக்குத் தடா. (சித்தப்பா இதற்குத்தான் ரொம்ப வருத்தப்பட்டார்.) இந்த வகை பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி பண்ணினால் ஆயுசு குறையும். 150 ஆம்பியர் அவரில் 75-தான் நமக்கு. முழு வேகத்தில் இரண்டு மணி நேரம்கூட வராது. பைய போனால் ஐந்து மணி நேரம் தாராளம்.

இன்னொன்று. அமலைச்செடியும் அறுந்த நரம்பும் விசிறியில் சுற்றும். கரைக்கு வந்ததும் விசிறியைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். நரம்பு உள்ளே போய் சீலை அறுத்தால் மோட்டார் தண்ணீர் குடித்துச் செத்துப்போகும்.

மறுபடியும்...

தோள் கொஞ்சம் தேறவே ஒரு மாசம் ஆனது. "நீங்க வரவேண்டாம் சித்தப்பா, நான் ஓட்டிப் பார்த்துட்டு வர்றேன்" என்றேன்.

"நீ போனா உன்னைத் தேட யாரு போறது?" என்று ஏறி உட்கார்ந்தார். கையில் துடுப்பு! எந்த மோட்டார் வந்தாலும் துடுப்பு வள்ளத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நான் ஒத்துக்கொண்ட சட்டம்.

பாதி வேகம். முழு வேகம். வயரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான். எதிர்க் காற்றில் வள்ளம் திணறியது, ஆனால் நிற்கவில்லை. கரையில் வேகமாக நடக்கிறவர் எங்களை முந்திவிடுவார். போகட்டுமே! சித்தப்பா இடது கையால் கைப்பிடியைப் பிடித்து, வலது கையை மடியில் வைத்திருந்தார். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் கைக்குக் குளத்தில் வேலையில்லை.

இந்த வருஷக் குத்தகையையும் அவரே எடுத்துவிட்டார்.

போன வாரம் சித்தி போன் பண்ணினாள். சந்தோஷமாகப் பேசுவாள் என்று நினைத்தேன்.

"ஏல, முன்னாடியாவது கை வலிக்குன்னு பொழுது சாய வீட்டுக்கு வருவாரு. இப்போ பேட்டரி தீர்ற வரைக்கும் குளத்துலயே கெடக்காரு. அந்த பேட்டரிய கொஞ்சம் சின்னதா மாத்தித் தாயேன்!"