மூன்று விரல் நுழையாத வாய்

காதுக்குள் இருக்கும் சிற்றெலும்புகளைக் கழித்துவிட்டால், மண்டையோட்டில் அசையக்கூடிய எலும்பு கீழ்த்தாடை ஒன்றுதான். வாய் திறக்கத் தொடங்கும்போது அது காதுகளுக்கு முன்னாலுள்ள இரு மூட்டுகளில் கதவுக் கீல் போலச் சுழல்கிறது. இன்னும் அகலத் திறந்தால் எலும்பின் தலை முன்னோக்கிச் சறுக்குகிறது. மெல்லும் வேலையை நான்கு இணைத் தசைகள் செய்கின்றன. கன்னத் தசையோ உணவைப் பல்வரிசைக்கு இடையே தள்ளிக்கொண்டே இருக்கிறது. மூட்டும் தசையும் பழுதில்லாமல் இருந்தும் ஒருவருக்கு வாய் திறக்காமல் போகலாம். தாடை கீழிறங்கும்போது கன்னத்தின் உட்சவ்வும் கூடவே நீண்டு கொடுக்க வேண்டும் என்பதே காரணம். வயது வந்தவருக்கு முன்பற்களுக்கு இடையே 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை திறப்பு இருக்கும். தன் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நுழைக்க முடிய வேண்டும். முடியாதவர் மூட்டுவலி என்றோ கடைவாய்ப்பல் என்றோ தள்ளிப்போடுவதற்கு முன், தான் பாக்குப் போடுபவரா என்று யோசிக்க வேண்டும்.

பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் சவ்வுக்கு அடியிலுள்ள செல்களைத் தூண்டி அளவுக்கு மிஞ்சி நார்ப்புரதத்தை உண்டாக்குகிறது. பாக்கில் மிகுந்திருக்கும் தாமிரம், அந்த நார்களை இறுகப் பிணைக்கும் நொதிக்கு வேகம் கொடுக்கிறது. முதலில் காரம் பட்டால் வாய் எரியும். பிறகு கன்னத்தின் உட்புறம் வெளிறி, தடவினால் கயிறு போன்ற பட்டைகள் தட்டுப்படும். ஓ.எஸ்.எம்.எஃப் என்று பல் மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சோற்று உருண்டை நுழையாதது மட்டுமல்ல தொல்லை. அவசர அறுவை சிகிச்சையில் மயக்க மருத்துவர் மூச்சுக்குழாய் செருகவும் திணற நேரும். எர்ணாகுளம் மாவட்டத்தில் இந்நோயுள்ள 66 பேரைத் தொடர்ந்து கவனித்து 1985இல் வெளியான ஆய்வில், 17 ஆண்டுக் காலத்தில் 5 பேருக்கு வாய்ப்புற்று வந்திருந்தது.

‘புகையிலை சேர்க்காமல் வெறும் பாக்குதானே’ என்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பு, புகையிலை சேராத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்தது. ‘எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வரை வெற்றிலை போட்டாரே’ என்ற வாதம் கொஞ்சம் வலுவானது. மெல்லும் எல்லாருக்கும் நோய் வருவதில்லை என்பது உண்மை. ஆனால் பாட்டி சாப்பாட்டுக்குப் பின் போட்ட தாம்பூலமும், லாரி ஓட்டுபவர் நாள் முழுக்கக் கன்னத்தில் ஒதுக்கிவைக்கும் உலர்ந்த பொட்டலத் தூளும் ஒன்றல்ல. வெற்றிலைத் தாம்பூலம் போட்டவர்களுக்குச் சராசரியாக எட்டரை ஆண்டுகளில் வந்த இந்நோய், பான் மசாலா மென்றவர்களுக்கு மூன்று ஆண்டுகளுக்குள் வந்ததாக 1996இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது.

சட்டம் பாதி தூரம்தான் வருகிறது. உணவுப்பொருளில் புகையிலையோ நிகோட்டினோ சேர்ப்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடுக்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013 முதல் தடை. 18 வயதுக்குக் கீழானவருக்கும், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள்ளும் புகையிலைப் பொருள் விற்பது 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். புகையிலை சேராத பாக்குப் பொட்டலத்தை ஒரு பள்ளிப் பிள்ளை வாங்குவதை இவற்றில் எதுவும் தடுக்கவில்லை. உறையிலே எச்சரிக்கை வாசகம் இருந்தால் போதும் என்று விட்டிருப்பது, என் கணிப்பில், பெரிய ஓட்டை. தடைசெய்த பொருள் விற்கும் கடையைப் பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் யாரும் புகார் கொடுக்கலாம்.

இறுகிய நார் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. பாக்கை நிறுத்துவது, வாய் திறக்கும் பயிற்சி, கன்னத்துக்குள் ஊசி மருந்து, முற்றினால் அறுவை சிகிச்சை என்று உள்ளதைக் காப்பாற்றலாம். 30 வயது கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாய்ப்புற்றுப் பரிசோதனை உண்டு, கேட்டுப் பெறுங்கள். புற்று என்று தெரிந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. புகையிலையோடு சேர்த்து மெல்லும் பழக்கத்தை விட நினைப்பவர்கள் 1800 112 356 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.